0.2-லிருந்து 0.4 வரை

என் மகளுக்கு 9 வயது. முதுகுத்தண்டில் பிளவோடு பிறந்தவள், ஸ்பைனா பைஃபிடா என்பார்கள். பிறந்த மூன்றாம் நாளே அறுவை சிகிச்சை நடந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. சிறுநீர் தானாக முழுசாக வெளியேறாது, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் விட்டுத்தான் எடுக்க வேண்டும். சிறுநீர்ப் பையில் அழுத்தம் ஏறினால் அது மேலே கிட்னியைத் தாக்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அதனால் ரத்தப் பரிசோதனையை நான் தவறவிட்டதே கிடையாது. பரிசோதனையை எப்படிப் படிக்க வேண்டும் என்பதுதான் தெரியாமல் இருந்தது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

போன வருடம் வந்த ரிப்போர்ட்டில் கிரியேட்டினின், அதாவது ரத்தத்திலிருந்து கிட்னி வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு, 0.4. பக்கத்தில் 0.6 முதல் 1.2 வரை என்று பெரியவர்களுக்கான அளவை அச்சடித்து, இவளுடையது அதைவிடக் குறைவு என்று ஒரு குறியும் போட்டிருந்தார்கள். “குறைவா இருந்தா நல்லதுதாம்மா, கூடினாத்தான் பிரச்சினை” என்றார் அப்போது பார்த்த டாக்டர். நானும் நிம்மதியாக ஃபைலில் வைத்துவிட்டேன். அதற்கப்புறம் இரண்டே மாதத்தில் இரண்டு தடவை குளிர் காய்ச்சலோடு யூரின் இன்ஃபெக்ஷன். வயிற்று ஸ்கேனில் இடது கிட்னி வீங்கியிருந்தது. குழந்தைகளுக்கான கிட்னி டாக்டரிடம் போகச் சொன்னார்கள்.

அந்த அம்மா புது ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “பழசெல்லாம் இருக்கா?” என்றுதான் முதலில் கேட்டார். இருந்தன. தேதி வாரியாக மேசையில் பரப்பினார். 3 வயதில் 0.2, 5-ல் 0.3, 7-ல் 0.3, இப்போது 0.4. நடுவில் ஒரு தாளில் 0.6 என்று இருந்தது. அது வேறு லேப் என்று தெரிந்ததும் அதைத் தனியாக எடுத்து வைத்தார். கிரியேட்டினினை அளக்க இரண்டு முறை உண்டாம். பழைய ஜாஃபே முறையில் ரத்தத்தில் இருக்கும் வேறு சில பொருட்களும் சேர்ந்துகொண்டு எண்ணைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். என்சைம் முறை அதைவிடத் துல்லியம். பெரியவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிசாகத் தெரியாது. 0.3, 0.4 என்று இருக்கிற குழந்தைக்கு அதுவே எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஒரே லேப், ஒரே முறை என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

அப்புறம்தான் முக்கியமானதைச் சொன்னார். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப தினமும் ரத்தத்தில் சேர்கிறது, கிட்னி அதை வடிகட்டி வெளியே அனுப்புகிறது. ஓடியாடும் பிள்ளைக்கு வளர வளர தசை கூடும், அதனால் இந்த எண்ணும் மெல்ல ஏறும். என் மகளுக்குக் காலிலும் இடுப்பிலும் தசை மிகக் குறைவு. வருவதே கொஞ்சம் என்பதால், கிட்னி பாதி வேலை செய்தால்கூட ரத்தத்தில் தேங்குவது குறைவாகத்தான் இருக்கும். “தசை வளராத பிள்ளைக்கு 0.2, 0.4 ஆகியிருக்கு. இது இரண்டு மடங்கும்மா” என்றார். அந்த ஃபைலை நான் எத்தனையோ தடவை புரட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தாளையும் தனித்தனியாகப் பார்த்தேனே தவிர, ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்பதற்குக் குழந்தைகளுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்வார்ட்ஸ் சூத்திரம். உயரத்தை சென்டிமீட்டரில் எடுத்து, 0.413-ஆல் பெருக்கி, கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். படுக்க வைத்து அளந்தால் இவள் 110 செ.மீ. அப்படிப் போட்டால் 114 வருகிறது. 90-க்கு மேல் இருந்தாலே நல்லது என்பார்கள். ஆனால் முழங்கால் நீட்ட வராத, முதுகு வளைந்த பிள்ளைக்கு எது உயரம்? கையை விரித்து அளந்தால் 122. அதைப் போட்டால் 126 ஆகிவிடுகிறது. கிட்னி அதே கிட்னிதான். மேல் எண்ணும் நம்ப முடியாது, கீழ் எண்ணும் நம்ப முடியாது என்றால் விடையை எப்படி நம்புவது?

அதனால் சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். இதுவும் சாதாரண ரத்தப் பரிசோதனைதான். உடம்பின் கிட்டத்தட்ட எல்லா செல்களிலிருந்தும் வருகிற ஒரு சின்னப் புரதம் என்பதால் தசையின் அளவை இது அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை. எங்கள் ஊரில் மூன்று லேபில் கேட்டேன், பெயரே புதிது என்றார்கள். நாலாவது இடத்தில் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். கிரியேட்டினினைவிடப் பல மடங்கு விலை.

காய்ச்சல் முழுசாக விட்ட பிறகுதான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், உடம்பில் அழற்சி இருந்தால் இந்த எண் ஏறும். தைராய்டு கோளாறும் இதை மாற்றும் என்பதால் அதையும் சேர்த்துப் பார்த்தோம். தெரபியில் என் பக்கத்தில் உட்காரும் ஓர் அம்மாவின் மகனுக்கு டுஷேன் தசைச் சிதைவு. அவனுக்கும் தசை குறைவு, கிரியேட்டினின் 0.2-தான். ஆனால் அவன் ஸ்டீராய்டு சாப்பிடுகிறான், ஸ்டீராய்டாலும் சிஸ்டாட்டின் கூடும். அதனால் அவனுடைய டாக்டர் அதை வேறு விதமாகப் படிக்கிறார். என் மகளுக்குச் சொன்னதை அப்படியே அவனுக்குச் சொல்ல முடியாது என்பதால்தான் இதை இங்கே சேர்க்கிறேன்.

ரத்தம் எடுக்கும் இடத்தில் இன்னொன்று கவனிக்க வேண்டும். ஸ்பைனா பைஃபிடா பிள்ளைகள் பலருக்கு லேட்டக்ஸ் ரப்பர் அலர்ஜி இருக்கும். கையுறை, கையில் கட்டும் ரப்பர் பட்டை இரண்டையும் மாற்றச் சொல்லி முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் இப்போது எங்கள் கையுறையை வீட்டிலிருந்தே எடுத்துப் போகிறேன்.

சிஸ்டாட்டின் 1.2 என்று வந்தது. அதற்குரிய கணக்கில் போட்டால் வடிகட்டும் அளவு சுமார் 60. கிரியேட்டினினை வைத்து 114, இதை வைத்து 60. எது சரி என்று பார்க்க டி.டி.பி.ஏ. ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி வழியாகக் கதிரியக்க மருந்தைச் செலுத்தி, அதைக் கிட்னி எவ்வளவு வேகத்தில் வெளியேற்றுகிறது என்று கேமராவில் பார்ப்பது. 63 வந்தது.

யூரியாவையும் டாக்டர் விடவில்லை. அது 38, லேபின் கணக்கில் நார்மல்தான், ஆனால் தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் அது ஏறுமாம். “ஸ்கூல்ல தண்ணி குடிக்கிறாளா?” என்று கேட்டார். அவளே பதில் சொன்னாள். நனைந்துவிடுமோ என்று காலையிலிருந்து மதியம் வரை குடிப்பதில்லையாம். எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்து யூரோடைனமிக்ஸ், சிறுநீர்ப் பையின் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனை. பையின் அழுத்தம் 40 சென்டிமீட்டர் தண்ணீர் அளவைத் தாண்டினால் கிட்னிக்கு ஆபத்து, இவளுக்கு அதைத் தாண்டியிருந்தது. பையைத் தளர்த்த ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை தொடங்கினார்கள், டியூப் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஆனது. பள்ளியில் டீச்சரிடம் பேசி மதியத்துக்கு முன்னால் நானே போய்வருகிறேன். காய்ச்சல் என்றால் புரூஃபன் கிடையாது, பாராசிட்டமால் மட்டும். இன்ஃபெக்ஷனுக்கு அமிகாசின் போன்ற ஆன்டிபயாடிக் எதையாவது எழுதினால் “கிட்னி வடிகட்டும் அளவு 63” என்று நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மருந்தின் அளவையே அது மாற்றும்.

இப்போது ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போட்டு எழுதுகிறேன்: தேதி, லேபும் முறையும், கிரியேட்டினின், சிஸ்டாட்டின், அன்றைக்குக் காய்ச்சல் இருந்ததா. முந்தின ராத்திரி கறி சாப்பிட்டாலும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுமாம், அதனால் பரிசோதனைக்கு முந்தின நாள் சைவம்தான்.

இந்த மாதம் பார்த்ததில் கிரியேட்டினின் அதே 0.4, சிஸ்டாட்டின் 1.1. இடது கிட்னியின் வீக்கம் குறைந்திருக்கிறது. தண்ணீர் பாட்டிலை இப்போதெல்லாம் காலியாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். அடுத்த பரிசோதனை தை மாதம்.