குளோரின் ஊற்றினால் போதாதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் ஊரில் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலே தம்பிமார் கேட்கிறார்கள், "அண்ணே, பேப்பர் மில் தண்ணியில குளோரின் ஊத்தினா கிருமி செத்துடும்ல, அப்புறம் என்ன பிரச்சினை?"

மிதக்கிற கிருமி சாகும், சரி. குழாய்ச் சுவரில் ஒட்டியது தன்னைச் சுற்றிப் பசைப் படலம் கட்டிக்கொள்ளும், குளோரின் அதன் மேல் அடுக்கிலேயே தீர்ந்துவிடும். பேப்பர் மில் அதுகளுக்குக் கல்யாண வீடு: வெதுவெதுப்பான தண்ணீர், பழைய அட்டைப்பெட்டியிலிருந்து கரைந்து வரும் ஸ்டார்ச், போதாததற்கு அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறோம். தொட்டால் விரலில் வழவழவென்று நூலிழுக்கும் அந்தப் படலம் ஒரு துண்டு பிய்ந்து கூழோடு போனால் பேப்பரில் ஓட்டை, ஓட்டையிலிருந்து கிழிசல், மெஷின் நின்றுவிடும். அப்புறம் மேனேஜர் முகத்தைப் பார்க்க முடியாது.

அதனால்தான் மருந்தை மாற்றி மாற்றிப் போடுவது. தண்ணீரின் காரத்தைக் காட்டும் பிஎச் அளவு 8-ஐத் தாண்டினால் குளோரினைவிட புரோமின் நன்றாக வேலை செய்யும், இடையிடையே குளுட்டரால்டிஹைடு போல ஆக்சிஜனேற்றம் செய்யாத மருந்து. ஆனால் ஏற்கெனவே தடித்துப்போன படலத்தை, மெஷினை நிறுத்திச் சூடான காஸ்டிக் சோடாவில் கழுவாமல் மருந்து மட்டும் பெரும்பாலும் முழுசாக அகற்றாது, விற்பவர் என்ன சொன்னாலும்.

காற்றுப் போகாத தொட்டி அடியில் அழுகிய முட்டை வாடை வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு, அங்கே வளரும் கிருமிகள் விடும் விஷ வாயு. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், வாடை தெரியாது. வாடை போய்விட்டதே என்று யாரும் உள்ளே இறங்காதீர்கள், விஷ வாயுவை அளக்கும் கேஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள்.