ஆறு புத்தகம், இருபத்திரண்டு ஓநாய்க்குட்டிகள்

2025 ஜனவரி 12, ஞாயிறு

இந்தப் பருவத்தில் புத்தக வாசகர் பேட்ஜ் உங்கள் பொறுப்பு என்று அகேலா சொல்லிவிட்டார். அகேலா எங்கள் கப் சாரணர் பேக்கின், அதாவது கூட்டத்தின், தலைவர். நம்மூரில் குருளையர் என்போமே, கப் அதே மாதிரிதான்; இங்கே 8 வயது முதல் பத்தரை வரை. தெற்கு லண்டனில் இருக்கும் க்ராய்டனில் எங்கள் பேக்கில் 22 பேர் இருக்கிறார்கள். செவ்வாய்தோறும் மாலை ஆறரைக்குக் கூடி எட்டு மணிக்குக் கலைவோம். நான் அங்கே ராக்‌ஷா, கிப்ளிங்கின் ஜங்கிள் புக் கதையில் மோக்லியை வளர்த்த தாய் ஓநாய். கதையில் அந்தப் பெயருக்கு அரக்கி என்று பொருள். ஊரில் அம்மாவிடம் சொன்னபோது, "பிள்ளையைக் காப்பாத்தணும்னா அப்படித்தான் இருக்கணும்" என்றாள்.

பேட்ஜுக்கு வேண்டியவை: அண்மையில் படித்த ஆறு புத்தகங்களை எழுதியவர் பெயரோடு பட்டியலிட்டு, அவற்றைப் பற்றிப் பேச வேண்டும். அகராதி, தெசாரஸ் என்ற ஒத்த சொல் தொகுப்பு, கலைக்களஞ்சியம், அட்லஸ் நாலையும் புரட்டத் தெரிய வேண்டும். நூலகத்தில் புத்தகங்களை எப்படி அடுக்குகிறார்கள் என்று சொல்ல வேண்டும். ஆறு கட்டம் போட்ட தாள் 22 அச்சடித்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

காலையில் பொங்கல். மாலையில் தாளைக் கொடுத்தேன், ஹாலே அமைதியாகிவிட்டது. செவ்வாய் மாலை அந்த ஹால் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்த பிள்ளைகள் மறுபடியும் பென்சிலைப் பிடித்துக் குனிந்திருந்தார்கள்.

பேக்கைச் சிறு குழுக்களாகப் பிரித்திருக்கிறோம், ஒவ்வொன்றும் ஒரு சிக்ஸ். பச்சை சிக்ஸில் ஒரு பையன். ஒன்பது வயது. தாளை மடித்து, இன்னும் மடித்து, தபால்தலை அளவுக்குச் சின்னதாக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான். அவனுக்கு டிஸ்லெக்சியா, வாசிப்பதில் சிரமம் இருக்கிறது. எழுத்துகள் நகர்ந்துகொண்டே இருக்கும் என்று சேர்க்கும்போதே அவன் அம்மா சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தாளை அவன் கையில் கொடுத்தேன். தூக்கம் வரவில்லை.

ஜனவரி 16, வியாழன்

அகேலாவுடன் போனில் பேசினேன். ஒலிப்புத்தகமாகக் கேட்டதையும் ஆறில் சேர்க்கலாமா என்று கேட்டேன். "ஏன் கூடாது? பிள்ளைக்கு ஏற்றபடி நிபந்தனையை மாற்றிக்கொள்ளத்தான் நமக்கு இடம் கொடுத்திருக்கிறார்களே" என்றார். சரி, தாளை ஓரம் கட்டிவிட்டேன். எழுதுவது கடைசி வாரத்தில். அதுவரை காதாலும் காலாலும் வாசிப்பு.

ஜனவரி 21, செவ்வாய்

நாற்காலிகளை எடுத்துவிட்டு வட்டமாகத் தரையில் உட்கார வைத்தேன். விளக்கை அணைத்து நடுவில் டார்ச்சை வைத்தோம். ஜனவரியில் ஆறரைக்கெல்லாம் கும்மிருட்டு, வசதியாகப் போயிற்று. 1894இல் வெளிவந்த கிப்ளிங்கின் ஜங்கிள் புக்கிலிருந்து ஓநாய்களின் ஆலோசனைப் பாறைக் காட்சியை வாசித்தேன். மனிதக் குட்டியைக் கூட்டத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்ற வழக்கு. கரடி பாலூ அவனுக்காகப் பேசுகிறது. கருஞ்சிறுத்தை பகீரா ஒரு காளையை விலையாகக் கொடுக்கிறது. பாறை மேல் படுத்திருக்கும் தலைவன்தான் அகேலா.

வாரா வாரம் வட்டமாக நின்று அகேலாவுக்கு ஊளையிடும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. 1916இல் சாரண இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் சின்னப் பிள்ளைகளுக்கான ஓநாய்க்குட்டிகள் பிரிவைத் தொடங்கியபோது இந்தக் கதையைத்தான் அடித்தளமாக எடுத்துக்கொண்டார் என்றதும் எல்லாரும் திரும்பி எங்கள் அகேலாவைப் பார்த்தார்கள். அவர் பாவம், தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார்.

மலைப்பாம்பு கா கெட்டவன் என்று படம் பார்த்த பிள்ளைகள் அடித்துச் சொன்னார்கள். புத்தகத்தில் மோக்லியைக் குரங்குகளிடமிருந்து மீட்பதே கா தான் என்றேன். ஒரே கூச்சல். நம்பாதவர்கள் தாங்களே படித்துப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓநாய்க்கூட்டம் பேசும் இடங்களை எல்லாரும் சேர்ந்து சொன்னோம். இரண்டாம் முறை சொல்லும்போது பச்சை சிக்ஸ் பையனின் குரல்தான் மேலே கேட்டது. மனப்பாடமாகிவிட்டிருந்தது அவனுக்கு.

ஜனவரி 28, செவ்வாய்

அகராதி ரிலே. சிக்ஸுக்கு ஓர் அகராதி, ஹாலின் மறுகோடியில். ஓடிப்போய்ச் சொல்லைக் கண்டுபிடித்துப் பக்க எண்ணோடு திரும்ப வேண்டும். பக்கத்தின் தலையில் இருக்கும் வழிகாட்டிச் சொற்களைப் பார்க்கத் தெரிந்த சிக்ஸ்தான் ஜெயித்தது. தெசாரஸை நம் நிகண்டு மாதிரி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். "சொன்னான்" என்பதற்கு மாற்றாக முப்பது சொல் தேடி எடுத்தார்கள்.

அட்லஸில் மோக்லியின் காடு. கதையில் வரும் சியோனி மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் நிஜ ஊர். எங்களிடம் இருந்த அட்லஸ் சின்னது, அதில் அந்தப் பெயர் இல்லை. நாக்பூரையும் ஜபல்பூரையும் அகரவரிசையில் தேடிப் பிடித்து, இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்தோம்.

பிப்ரவரி 1, சனி

நூலகம் போனோம். எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர், பொறுப்பாளர் தனி. ஆக நாலு பேர் போதும், ஆறு பேர் வந்தோம். பெற்றோர் அனுமதி எல்லாம் முன்பே வாங்கியாயிற்று.

நூலகத்தில் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்க உதவும் டூயி எண்களை வைத்துப் புதையல் வேட்டை. டைனோசர் 567.9, சமையல் 641.5, மாயவித்தை 793.8. விமானத்திலும் விண்வெளியிலும்தான் தடுமாறினார்கள். விமானம் 629.13, விண்வெளி 629.4. பதின்மூன்று பெரியது, அதனால் பின்னால் வரும் என்று மூன்று சிக்ஸ் தப்பான பக்கம் ஓடின. பச்சை சிக்ஸ் பையன் அசையவில்லை. "புள்ளிக்கு அப்புறம் முதலில் ஒன்று, அங்கே நாலு. ஒன்றுதான் முன்னால்" என்றான். எண்கள் அவனுக்கு நகர்வதில்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகு அவன் முன்னால் நடக்க, மற்றவர்கள் பின்னால்.

திரும்பும் முன் ஒரு கதை சொன்னேன். 1924இல் சென்னையிலிருந்து ஒரு கணித ஆசிரியர் நூலகவியல் படிக்க லண்டன் வந்தார். பயிற்சி பெற்றது இதே க்ராய்டன் பொது நூலகத்தில், பெர்விக் சேயர்ஸ் என்ற நூலகரிடம். செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளைப் பார்த்து, புத்தகப் பொருள்களையும் இப்படிப் பூட்டிக் கோக்கலாமே என்று யோசித்தார். 1933இல் நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் அவருடைய கோலன் பகுப்புமுறை வந்தது. எஸ்.ஆர். ரங்கநாதன், பிறந்தது சீர்காழி. என் ஊர் மயிலாடுதுறைக்குப் பக்கம்தான் என்று சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் கம்மியது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. அதையும் சொன்னேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

பள்ளிப் பருவத்தின் இடைவிடுமுறை முடிந்து வந்தார்கள். பேசும் நாள். மேடை கிடையாது, சிக்ஸுக்குள்ளேயே உட்கார்ந்து பேசினார்கள். ஒரு சிறுமி தமிழ்ப் பள்ளியில் படித்த கதையைத் தமிழில் இரண்டு வரி வாசித்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னாள். இன்னொருத்தி கொண்டுவந்தது பாட்டியின் சமையல் புத்தகம்.

பச்சை சிக்ஸ் பையன் காதால் கேட்ட ஆறு புத்தகங்களைத் தாள் இல்லாமல் சொன்னான், எழுதியவர் பெயர் ஒன்றுகூடத் தவறாமல். பட்டியலை அவனுடைய சிக்ஸர், அதாவது சிக்ஸின் தலைவி, எழுதிக்கொடுத்தாள்.

மார்ச் 4, செவ்வாய்

பேட்ஜ் கொடுத்தோம். 19 பேருக்கு இன்று. காய்ச்சலில் வராமல் போன மூன்று பேருக்கு இரண்டொரு வாரம் கழித்து. வியாழக்கிழமை உலகப் புத்தக நாள். பள்ளிக்கு ஓநாய் வேடத்தில் போகப் போவதாக நாலு பேர் சொன்னார்கள்.

கிளம்பும் நேரத்தில் பச்சை சிக்ஸ் பையன் வந்து நின்றான். குரங்குகளிடமிருந்து கா மீட்கும் கதையைக் கேட்டு முடித்துவிட்டானாம். அதைப் பேக்குக்கு வாசிக்கும்போது காவின் குரலை அவன் தரலாமா என்று கேட்டான். அடுத்த வாரத் திட்டத்தில் கால் மணி நேரம் ஒதுக்கிவிட்டேன். டார்ச்சுக்கு பேட்டரி வாங்க வேண்டும்.