கறிதோசை ஊரில் கொஞ்சம் மாதுளை

மதுரையில் கறிதோசையை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்ததிலிருந்து எனக்கு இதே யோசனைதான்.

மட்டனிலுள்ள கார்னிட்டின் என்ற சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் உடைக்கின்றன. அதில் வரும் பொருளைக் கல்லீரல் டிஎம்ஏஓ (TMAO) என்ற வேதிப்பொருளாக ஆக்குகிறது. ரத்தத்தில் அது கூடியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததை, 4,007 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்த அமெரிக்க ஆய்வு 2013-ல் காட்டியது. நெடுங்காலம் சைவமாக இருப்பவர்களின் குடலில் இது அவ்வளவாக உருவாவதில்லை.

குடல் பாக்டீரியாக் கதைகளில் மாதுளைதான் எனக்குப் பிடித்தது. அதன் துவர்ப்புச் சத்து அப்படியே ரத்தத்தில் சேராது. பாக்டீரியா அதை யூரோலித்தின் என்ற, உடல் ஏற்கக்கூடிய பொருளாக மாற்றித் தரவேண்டும். அந்தப் பாக்டீரியா எல்லார் வயிற்றிலும் இருக்காது என்பதுதான் ஆச்சரியம்!

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிறு மட்டும் கறி. மற்ற நாளில் முருங்கைக்கீரை, தட்டப்பயறு, மாட்டுத்தாவணியில் வாங்கிய மாதுளை. அப்புறம், டாக்டர் தந்த மாத்திரையை ஒருநாளும் விடுவதில்லை.