பாட்டில் பையோடு பிடிபட்ட பையனின் அம்மா

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பட்டா, வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று வருகிற கூட்டத்தில், "பையன புடிச்சிட்டாங்கக்கா, யாருக்கு மனு போடணும்?" என்று கேட்கிற அம்மாக்களும் உண்டு. பாண்டியில் சரக்கு விலை குறைவு. எல்லையில் இருக்கிற ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் ஸ்கூல் பையைச் சோதிக்க மாட்டார்கள் என்று எவனோ கணக்குப் போட்டு, பதினாறு வயதுப் பையன் தோளில் பாட்டில்களை ஏற்றி அனுப்பியிருப்பான்.

முதலில் அந்த அம்மாவைத் தண்ணீர் குடிக்க வைக்கிறேன். பிறகுதான் பேச்சு. பதினெட்டு முடியாத பையனை கேப்பர் மலை ஜெயிலுக்கு அனுப்ப முடியாது, லாக்கப்பிலும் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் வழக்கை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அங்கே ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண். ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். வயதுக்கு முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாவது மார்க் ஷீட், அவை இல்லாவிட்டால்தான் பிறப்புச் சான்று. "பெயில் எடுத்துத் தர்றேன்" என்று கை நீட்டுகிறவனுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணுக்கு போன் போட்டாலும் வழி சொல்வார்கள்.

எல்லா அம்மாவும் தடுமாறுகிற இடம் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வரும்போதுதான். இரண்டு வாரத்துக்குள் அவர் குடும்ப நிலையை விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும். "எங்க வீட்ல ஒரு கொறையும் இல்ல சார், தங்கமான புள்ள" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மானம் போய்விடுமே என்ற பயம், புரிகிறது. ஆனால் அப்பா குடிக்கிறார், பையன் ஆறு மாதமாகப் பள்ளிக்குப் போகவில்லை, வீட்டு வாடகை பாக்கி என்பதெல்லாம் அந்த அறிக்கையில் ஏறினால்தான் பையனுக்கு என்ன தேவை என்று குழுமத்துக்குத் தெரியும். பெற்றோருக்கும் சேர்த்து ஆலோசனை கொடுத்து வீட்டுக்கு அனுப்பவோ, நன்னடத்தைக் கண்காணிப்பில் உங்களிடமே ஒப்படைக்கவோ சட்டத்திலேயே இடமிருக்கிறது.

இன்னொன்றும் யாரும் சொல்வதில்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 78-ஆம் பிரிவு, பிள்ளைகளை வைத்து மதுவோ போதைப்பொருளோ கடத்துகிறவனுக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு தாய் இதைக் கேட்டுவிட்டு, "அவன் எங்க தெருவுலதான் இருக்கான்கா. நான் பேர சொல்லிட்டு அங்க எப்பிடி இருக்கறது?" என்றாள். நியாயமான பயம். தெருவில் நின்று சொல்லாதே, வக்கீல் பக்கத்தில் இருக்கும்போது குழுமத்தில் சொல் என்றேன். தனியாகப் போகாதே, உன் அண்ணியையாவது கூட்டிக்கொண்டு போ என்றும் சொன்னேன். அண்ணி வரவில்லை. கூலி வேலையை விட்டுவிட்டு எதிர்வீட்டு அக்காதான் போனாள்.

எனக்கு உறவுக்காரர்கள் மேல்தான் கோபம். "வளத்த லட்சணம்" என்று வாசலில் நின்று பேசுகிறவர்கள், விசாரணை நாளன்று ஒரு வேளை மட்டும் அந்த அம்மாவின் சின்னப் பெண்ணைப் பார்த்துக்கொண்டாலே பெரிய உதவி. பையன் பேரையும் போட்டோவையும் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்ற விடாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவது அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம்.

இந்த மாதிரி மனுவுக்கு நான் காசு வாங்குவதில்லை. உங்கள் தெருவில் இப்படி ஒரு அம்மா இருந்தால், மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் கூட வாருங்கள்.