பழைய ஹைலக்ஸ் பக்கிக்கு வேறு சேசிஸ், வேறு எஞ்சின்: டர்பனில் காகிதங்களோடு பட்ட பாடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் எங்கள் 1976ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் பக்கிக்கு (பிக்கப் வண்டிக்கு) அடிச்சட்டமான சேசிஸையும் எஞ்சினையும் மாற்றத் திட்டமிட்டபோது, அளவெடுப்பும் வெல்டிங்கும்தான் பெரிய வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் என்னை அலைய வைத்தவை சேசிஸில் பதித்த எண்ணும் எஞ்சின் பிளாக்கில் பதித்த எண்ணும்தான். போன வாரம் புதிய பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தது. இதே வேலையில் இறங்க நினைக்கும் நம்மவர்கள் நான் அலைந்த அலைச்சலைப் படக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வார்விக் காலைச் சந்தைக்குத் தாத்தா காய்கறி ஏற்றிச் சென்ற வண்டி அது. கடற்காற்றில் நின்ற வண்டிகளின் சேசிஸ் உள்ளிருந்துதான் அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருந்தாலும், பின்புற ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் அது உள்ளே இறங்கிவிட்டது. பாரம் தாங்கும் இடத்தில் ஒட்டுப் போடுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். பழைய 12ஆர் எஞ்சினும் (1587 சிசி) தேய்ந்து போயிருந்ததால், ஒரே மூச்சில் 22ஆர் எஞ்சினையும் (2366 சிசி) பொருத்தத் தீர்மானித்தோம்.

முதலில் கிடைத்த சேசிஸ் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துப் பக்கமிருந்து வந்தது. வறண்ட ஊர் என்பதால் துருவே இல்லை. விற்றவர் முன்பணம் வாங்கிக்கொண்டு, காகிதங்கள் பின்னால் வரும் என்றார். காகிதத்தைப் பார்க்காமல் மீதிப் பணம் தர மாட்டேன் என்று நான் பிடிவாதமாக நின்றதால்தான் தப்பித்தேன். அந்த வண்டி பதிவேட்டில் கோட் 4, அதாவது நிரந்தரமாக உடைக்கப்பட்டது என்று பதிவாகியிருந்தது. கோட் 2 என்றால் பயன்படுத்திய வண்டி, கோட் 3 என்றால் மறுபடியும் கட்டப்பட்டது. இவ்விரண்டும் சாலைக்கு வரலாம். கோட் 4 ஆன வண்டியின் சேசிஸ் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அதன் எண்ணில் இனி எந்த வண்டியையும் பதிவு செய்ய முடியாது. முன்பணத்தைத் திரும்ப வாங்க அவரிடம் எத்தனையோ முறை கெஞ்ச வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஒரு யார்டில், “பழைய சேசிஸில் எண் இருக்கும் துண்டை மட்டும் வெட்டி இதில் ஒட்டிவிடலாம் தம்பி, யாருக்கும் தெரியாது” என்று யோசனை சொன்னார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். தேசிய சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 68ஆம் பிரிவின்படி அது குற்றம். எண் திருத்தப்பட்ட வண்டியை வைத்திருப்பவரும் சிக்குவார், வண்டியையும் போலீஸ் பறிமுதல் செய்யலாம்.

இரண்டாவது சேசிஸ் அதே தலைமுறை ஹைலக்ஸினுடையது, கோட் 2, உரிமையாளர் கையில் மூலச் சான்றிதழ் இருந்தது. சட்டத்தின் கண்ணில் இனி அதுதான் எங்கள் வண்டி. தாத்தாவின் வண்டிப் பதிவு அத்தோடு முடிந்தது. கேபினும் கதவுகளும் அவருடையவைதான் என்றாலும், அந்தப் பழைய பதிவு எண்ணை விட்டுக்கொடுத்தது வீட்டில் எல்லோருக்கும் வருத்தம்தான். இதை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவிடுவது நல்லது.

எஞ்சினில் வந்த தொல்லை வேறு விதம். பழைய உதிரிப் பாகம் விற்கும் கடையொன்று தந்த பில்லில் “எஞ்சின் ஒன்று” என்று மட்டும் எழுதியிருந்தது. எஞ்சின் எண்ணும், அது எந்த வண்டியிலிருந்து இறக்கப்பட்டது என்ற விவரமும் இல்லாத பில்லை, வண்டியின் எண்களைச் சரிபார்த்துச் சான்று தரும் போலீஸ் கிளியரன்ஸ் கவுண்டரில் தொடவே மாட்டேன் என்றார்கள். அரை நாள் வரிசையில் நின்றது வீண். கடைக்குத் திரும்பினால், பில் எழுதிய பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், இனி மாற்றித் தர முடியாது என்று கையை விரித்தார்கள். 2009ஆம் ஆண்டின் பழைய பொருள்கள் சட்டப்படி, வாங்கும் விற்கும் பொருள்களுக்கு வணிகர் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லி, அந்தப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று அமைதியாகக் கேட்டேன். சிறிது நேரத்தில் எண்ணோடு கூடிய பில்லும், கடைக்காரர் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரமும் வந்துவிட்டன. சண்டை போடாமல் வென்ற அந்த மகிழ்ச்சி இன்னும் மனத்தில் இருக்கிறது. ஜப்பானிலிருந்து இறக்குமதியான எஞ்சின் என்றால் சுங்கக் காகிதத்தின் நகலையும் கடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

எண்ணைப் பற்றி இன்னொன்று. ஹைலக்ஸில் சேசிஸ் எண் சேசிஸின் வலப்பக்கத்து நீள்சட்டத்தில், முன்சக்கரத்தின் அருகே பதிந்திருக்கும். மணல் வீசித் துரு எடுத்த இடத்தில், அங்கே பெயின்ட் போட வேண்டாம் என்று நாங்கள் சொல்லியும் கேட்காமல், பட்டறைக்காரர்கள் தடித்த எபாக்ஸி பெயின்டை எண்ணின்மேல் அடித்துவிட்டார்கள். பரிசோதித்த அதிகாரியால் எண்ணைப் படிக்க முடியவில்லை. சுரண்டாமல், கரைப்பான் கொண்டு துடைத்து வரும்படி திருப்பி அனுப்பினார். வேலைக்குக் கொடுக்கும் முன்பே எண்ணின்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள், புகைப்படமும் எடுங்கள், பெயின்ட் படாமல் மூட வேண்டிய இடத்தை எழுதியே கொடுங்கள்.

பட்டறை வேலை பெரும்பாலும் ஒழுங்காகவே நடந்தது. கேபின் தன் மவுண்டுகளில் அப்படியே உட்கார்ந்தது. 22ஆர் எஞ்சினை அதன் கியர்பாக்ஸோடு சேர்த்தே வாங்குங்கள். 12ஆரின் கியர்பாக்ஸ் அதற்குச் சேராது. நான்கு சக்கர இயக்க வண்டிக்கும் சாதாரண வண்டிக்கும் சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டு) வடிவம் வேறு என்பதால், குறுக்குச் சட்டத்தில் இடிக்குமா என்று வெறும் பிளாக்கை வைத்துப் பார்த்த பிறகே மவுண்டை ஒட்ட வேண்டும். 1983க்குப் பிந்திய 22ஆரில் டைமிங் செயினுக்குப் பிளாஸ்டிக் கைடுகள் இருக்கும். அவை உடைந்தால் செயின் முன்மூடியை அறுத்து, கூலன்ட் எண்ணெயில் கலந்துவிடும். பணம் தரும் முன் வால்வு மூடியைக் கழற்றி உள்ளே பார்ப்பது உங்கள் உரிமை. கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ராப்ஷாஃப்டின் நீளத்தை மட்டும் பார்த்தால் போதாது. கியர்பாக்ஸ் வெளிமுனையும் பின்னச்சிலுள்ள டிஃப் (டிஃபரன்ஷியல்) முனையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேகத்தில் அதிர்வு வரும்.

எஞ்சின் மாறியதால் எடைச் சான்றிதழும் கேட்டார்கள். எடைமேடையில் அது உடனே கிடைத்தது. வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் ரோட்வொர்தி சோதனையில் சிக்கல் இல்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் 60 நாள்தான் செல்லும் என்பதால், போலீஸ் கிளியரன்ஸ் கைக்கு வந்த பிறகே சோதனைக்குச் செல்லுங்கள். கடைசியில் லைசென்ஸ் அலுவலகத்தில் அச்சாகி வந்த சான்றிதழில் எஞ்சின் எண்ணின் இறுதி இரு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. கவுண்டரை விட்டு நகரும் முன்பே பென்சில் படியோடு ஒப்பிட்டுக் காட்டியதால், அங்கேயே திருத்தி வேறு அச்சடித்துத் தந்தார்கள்.