உரக் கொட்டகையைக் கூடமாக்க எட்டு மாதம்: லிம் சூ காங் அனுபவம்

சிங்கப்பூரின் லிம் சூ காங் வட்டாரத்தில், நியோ தியூ சாலையோரம் என் அண்ணனும் அவருடைய சீன நண்பரும் குத்தகைக்கு எடுத்து நடத்தும் கீரைப் பண்ணையில், பழைய உரக் கொட்டகை ஒன்றைப் பார்வையாளர் கூடமாக மாற்றுவதற்கு ஒருவழியாக அனுமதி கிடைத்துவிட்டது. எட்டு மாதம் பிடித்தது. கேட்டதில் பாதிதான் கிடைத்தது என்பதையும், கிடைக்காத பாதிக்குப் பெரும்பாலும் நாங்களே காரணம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் தவறு ஒரே ஒரு சொல். வரைபடத்தில் அந்தக் கொட்டகையின் மேல் 'உணவகம்' என்று எழுதியிருந்தோம். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடுதான் வேளாண்மைக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. லிம் சூ காங்கில் சுமார் 390 ஹெக்டர் நிலத்தை உயர்தொழில்நுட்ப உணவு உற்பத்தி வட்டாரமாக உருவாக்கும் திட்டமும் 2020இல் அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட மண்ணில் ஓர் உணவகம் கேட்டால் யாருக்கும் புருவம் உயரத்தான் செய்யும். விண்ணப்பம் வாங்கும் அலுவலகத்தின் முகப்பில் இருந்த இளைஞர் படத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளி, "நீங்கள் பண்ணை நடத்துகிறீர்களா, கடை நடத்தப் போகிறீர்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான் என்றாலும், பின்னால் வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி கேட்டிருக்க வேண்டாம். வேளாண்மையே முதன்மைப் பயன்பாடு, பார்வையாளர் கூடம் அதற்குத் துணை என்பதைச் சொல்லில் மட்டுமல்லாமல் சதுர மீட்டர் கணக்கிலும் காட்டி எழுதிய இரண்டாவது விண்ணப்பத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் இரண்டு மாதம் போய்விட்டது.

அடுத்தது நில உரிமையாளரின் இசைவுக் கடிதம். குத்தகை நிலம் அரசுடையது என்பதால் இந்தக் கடிதம் இல்லாமல் திட்ட அனுமதி விண்ணப்பம் நகராது. இது எங்களுக்குத் தெரியும். ஆனால் கடிதத்தைக் கேட்கும் படிவத்தில் குத்தகைப் பத்திரத்தில் பெயர் உள்ளவர்தான் கையொப்பமிட வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. பத்திரத்தில் இருந்தது அண்ணனின் நண்பர் பெயர், கையொப்பமிட்டதோ அண்ணன். 975 பேருந்தில் சுவா சூ காங் வரை வந்து, அங்கிருந்து ரயில் பிடித்து, நகரத்துக்குப் போய்த் திரும்பிய ஒரு முழு நாள் அந்தக் கையொப்பத்தால் வீணானது. பத்திரத்தின் முதல் பக்கத்தை நகலெடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த முகப்பிலும் கடைசியில் அதைத்தான் கேட்பார்கள்.

எங்களை உண்மையிலேயே திணறடித்தது தண்ணீர். 1975இல் உருவான கிராஞ்சி நீர்த்தேக்கம் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எங்கள் வடிகால் நீரும் அந்தப் பக்கமே ஓடுகிறது. சமையலறை வைத்தால் எண்ணெய்க் கழிவு எங்கே போகும் என்று கேட்டு வந்த கடிதத்துக்கு எங்கள் கட்டடக் கலைஞரிடம் பதில் இல்லை. படத்தை மேசைமேல் விரித்து நாங்கள் மூவரும் விழித்துக்கொண்டிருந்தபோது, பாத்தியிலிருந்து தண்ணீர் குடிக்க வந்த புதுக்கோட்டைத் தம்பி எட்டிப் பார்த்தார். மண் ஒட்டிய விரலைக் கொட்டகையின் பின்புறத்தில் வைத்து, "அக்கா, மழை பெஞ்சா இந்தப் பக்கம் ஒரு சின்ன வாய்க்கால் ஓடுமே, அது இதுல இல்லையே" என்றார். நான்காண்டுகளாக அந்த வாய்க்காலைத் தாண்டித்தான் நான் நடந்துகொண்டிருக்கிறேன்! படத்தில் அந்த விரல் பதித்த செம்மண் தடம் இன்னும் இருக்கிறது. வாய்க்காலைச் சேர்த்து வரைந்தவுடன், கொட்டகையில் சமையலறைக்கு வழியே இல்லை என்பது எங்களுக்கே விளங்கிவிட்டது; அதை நாங்களாகவே விலக்கிக்கொண்டோம்.

விளக்குகளும் குறைந்தன. 2002 முதல் இயற்கை வனப்பகுதியாக இருக்கும் சுங்கை பூலோவும், 2016இல் திறக்கப்பட்ட கிராஞ்சி சதுப்புநிலமும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன; இருட்டிய பிறகு வெளிச்சம் பாய்ச்சினால் பறவைகளுக்குத் தொல்லை. அதனால் மாலை நேர நிகழ்ச்சிகளை விண்ணப்பத்திலிருந்து நீக்கினோம். அண்ணனுக்கு இன்னும் மனத்தாங்கல்தான். எனக்கு இல்லை, அந்தக் கொக்குகளைப் பார்க்கத்தானே ஆட்கள் இவ்வளவு தூரம் வருகிறார்கள். தீயணைப்பு ஏற்பாடுகள் சிக்கலின்றி முடிந்தன.

கையில் இருப்பது மூன்றாண்டுத் தற்காலிக அனுமதி: வார இறுதிப் பகல் நேரம் மட்டும், வெளியே சமைத்துக் கொண்டுவரும் உணவு மட்டும். முதல் குழுவாகச் சென்ற சனிக்கிழமை ஒரு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வந்து, கொட்டகையில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். புதுப்பிக்க வேண்டிய தேதிக்கு ஆறு மாதம் முன்னதாகவே நாட்காட்டியில் சிவப்பு வட்டம் போட்டுவிட்டேன். இந்த முறை படத்தைப் புதுக்கோட்டைத் தம்பிதான் முதலில் பார்ப்பார்.