சேணத்தில் ஏற்றிச் செல்ல முதல் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்: தேர்ந்தெடுத்த அனுபவம்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தின் ஷெரிடன் வட்டாரத்தில், பிக்ஹார்ன் மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் குதிரையேற்றம் பழகிவரும் எனக்கு, இலையுதிர்கால மான் வேட்டைக்குக் குதிரையிலேயே மலையேற வேண்டும் என்ற ஆசை வெகுநாளாக உண்டு. அதற்கென என் முதல் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளை, அதாவது அடியிலுள்ள நெம்புகோலைத் தள்ளி இழுத்துத் தோட்டாவை ஏற்றும் துப்பாக்கியை, தேடத் தொடங்கியபோது எல்லோரும் காலிபரை, அதாவது குழல்துளையின் விட்ட அளவைப் பற்றியே பேசினார்கள். தேடலின் முடிவில் எனக்கு உறுதிப்பட்டதோ வேறொன்று: குதிரையில் கொண்டுசெல்லும் துப்பாக்கி நாள் முழுவதும் சுமக்கப்படுகிறது, சுடப்படுவது சில விநாடிகள்தான், ஆகவே தோலுறையில் அது எப்படிக் கிடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும், மற்றவை அதற்குப் பிறகு.

இந்த வேலைக்கு லீவர் ஆக்‌ஷன் ஏன் பொருந்துகிறது என்பது அதன் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தாலே விளங்கும். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் வலப்பக்கம் துருத்தி நிற்கும் கைப்பிடி இதில் இல்லை. தோளில் பதியும் மரக்கட்டையை ஒட்டி அடியில் இருக்கும் லீவர் தவிர இருபுறமும் தட்டையாக இருக்கிறது. தோலுறை அங்கவடித் தோலுக்கு அடியில், குதிரையின் விலாவுக்கும் நம் முழங்காலுக்கும் நடுவே கிடப்பதால், அங்கே கூடும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் மாலைக்குள் முழங்காலில் வலியாகத் தெரிந்துவிடும்.

கடைக்குப் போகும் முன் ஒரு பைன் பலகையை 96 செ.மீ. நீளத்துக்கு அறுத்து, ஏறத்தாழ 3 கிலோ வரும்படி ஈயத்துண்டுகளை வைத்துக் கட்டி, இரவல் வாங்கிய தோலுறையில் செருகிக் குதிரையில் ஏற்றினேன். 20 அங்குலக் குழல் கொண்ட கார்பைனின் (குட்டை ரைஃபிளின்) நீளமும் எடையும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். இந்தப் பலகை கற்றுக்கொடுத்தது எந்தக் கடைக்காரரும் சொல்லாதது. முதலில் வலப்பக்கம் கட்டினேன். கயிற்றுச் சுருள் தொங்குவதும் அதே பக்கம் என்பதால் இரண்டும் ஓயாமல் உரசின. இறங்குவது இடப்பக்கமாக இருக்க, துப்பாக்கியை எடுக்கக் குதிரையைச் சுற்றி வர வேண்டியிருந்தது. மிரண்டு ஓடும் குதிரையோடு துப்பாக்கியும் போய்விடும் என்பதால், இறங்கிய கையோடு அதை உருவிக்கொள்ளும்படி உறை அமைய வேண்டும் என்று எனக்குக் குதிரையேற்றம் சொல்லித்தரும் பெரியவர் வற்புறுத்துவார். எனவே இடப்பக்கத்துக்கு மாற்றி, கட்டை முன்னோக்கி மேலேயும் குழல்வாய் பின்னோக்கிக் கீழேயும் இருக்குமாறு சாய்த்துக் கட்டினேன்.

சாய்வின் அளவுதான் இதில் நுட்பம். ஏற்றத்தில் குதிரையின் முன்பாகம் உயரும்போது துப்பாக்கி உறைக்குள் இன்னும் ஆழமாக அமர்ந்துகொள்கிறது. செங்குத்தான இறக்கத்திலோ கட்டை தாழ்ந்து, உறை கிடைமட்டத்துக்கு வந்துவிட்டால் துப்பாக்கி முன்புறமாக நழுவுகிறது. முன்வாரை ஏற்றியும் பின்வாரை இறக்கியும் பலமுறை சரிசெய்து, மேலே ஒரு சிறு பிடிவாரும் சேர்த்த பிறகுதான் பலகை நகராமல் நின்றது. உறையின் அடிநுனி விலாவில் முடியை உரசித் தேய்க்கிறதா என்று ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் வியர்வைத் தடத்தை விரலால் நீவிப் பார்ப்பது இன்றுவரை தொடர்கிறது. சவாரி செய்பவர், சேணம், மூட்டை எல்லாம் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வழிகாட்டி. 450 கிலோ குதிரைக்கு அது 90 கிலோ. என் எடையையும் வெஸ்டர்ன் சேணத்தின் எடையையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சமே; துப்பாக்கியில் அரைக் கிலோ குறைந்தாலும் அது குதிரைக்குச் செய்யும் உதவி. ஒரே பக்கம் எடை இழுத்துச் சேணம் சாயாமலிருக்க, தண்ணீரையும் உணவையும் வலப்பக்கப் பையில் வைக்கிறேன்.

இதன் பிறகே துப்பாக்கிகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். .357 மேக்னத்தில் வரும் ரோஸி 92, ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1892இன் வழிவந்தது. 16 அங்குலக் குழலோடு மிக இலகுவானது, சேணத்தில் இருப்பதே தெரியாது. ஆனால் அது கைத்துப்பாக்கித் தோட்டா. மானைச் சுட நான் 100 மீட்டருக்குள் வர வேண்டும். திறந்த புல்வெளிச் சரிவுகள் உள்ள பிக்ஹார்னில் அந்த வரம்பு எனக்குப் போதவில்லை. கனமான .45-70 தோட்டாவைச் சுடும் மார்லின் 1895, கிரிஸ்லி கரடி உலவும் யெல்லோஸ்டோன் பக்கம் போகிறவர்களுக்கு நியாயமான தேர்வு. பிக்ஹார்னில் இருப்பது கருங்கரடிதான் என்பதால், அந்த எடையையும் உதைப்பையும் நான் சுமக்கக் காரணமில்லை. இப்படி 30-30 தோட்டாவுக்கு வந்து சேர்ந்தேன். 1895இல் புகையில்லா வெடிமருந்தோடு வெளிவந்த இது, 150 கிரெய்ன் (ஏறத்தாழ 10 கிராம்) குண்டை விநாடிக்கு ஏறத்தாழ 730 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. 150 மீட்டர் வரை மானுக்குத் தாராளமாகப் போதும், சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கிறது. குழாய் மேகசினில் ஒரு குண்டின் முனை முன்னுள்ள தோட்டாவின் பிரைமரை (அடியிலுள்ள பற்றவைப்பு மூடியை) தொட்டுக்கொண்டிருப்பதால், கூர்முனை அதை வெடிக்கவைத்துவிடாதபடி முனை தட்டையான குண்டையோ, நெகிழும் முனை கொண்டதையோ மட்டுமே நிரப்ப வேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை.

கடைசியில் எஞ்சிய போட்டி, 30-30இல் வரும் மார்லின் 336க்கும் வின்செஸ்டர் 94க்கும் இடையில். 1948இல் வந்த மார்லினை நான் உண்மையாகவே மதிக்கிறேன். வெற்றுத்தோட்டாவைப் பக்கவாட்டில் தள்ளுவதால் மேலே தொலைநோக்கி பொருத்தலாம். லீவரின் ஒரே திருகாணியைக் கழற்றினால் போல்ட் (தோட்டாவை அடைக்கும் நகரும் பாகம்) பின்புறமாக வெளியே வந்துவிடும், குழலைப் பின்னிருந்தே துடைக்கலாம். பழைய வின்செஸ்டரைப் பிரிப்பது அதற்கு நேர்மாறான பொறுமைச் சோதனை. தரையில் நின்று வேட்டையாடுபவர் கேட்டால் தயங்காமல் மார்லினைச் சொல்வேன்.

ஆனால் இரண்டையும் மாறி மாறி உறையில் வைத்துச் சவாரி செய்தபோது, முன்கட்டை ஒல்லியான 94 முழங்காலுக்கு அடியில் அடங்கிப் போனது. ரிசீவருக்கு (இயங்கும் பாகங்கள் அடங்கிய எஃகு உடலுக்கு) சற்று முன்னே ஒற்றைக் கையால் பிடித்தால் துலாக்கோல் போல நேராக நிற்கும் அதன் சமநிலை, மறுகையில் கடிவாளம் பிடித்திருப்பவருக்குப் பெரிய வரம். தொலைநோக்கி பொருத்த முடியாதது குறையாகவும் படவில்லை. அதைப் பொருத்தினால் உறையும் அகன்று, நான் தேடிய ஒல்லித்தன்மையே போய்விடும்.

வயோமிங்கின் கோடி (Cody) நகரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் வரிசையைப் பார்த்துவிட்டு வந்து, 1964க்கு முற்பட்ட 94 ஒன்றையே தேடினேன். அந்த ஆண்டு செலவைக் குறைக்கச் செய்த மாற்றங்களால் தகட்டில் அச்சடித்த பாகங்களும் உள்ளீடற்ற ஊசிகளும் இடம்பெற்றன. லீவரை இயக்கும்போது அந்த வேறுபாடு கையிலேயே தெரியும். உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குபவருக்கான 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பு முடித்து, 1950களில் செய்யப்பட்ட ஒரு கார்பைனை வாங்கினேன். ரிசீவரின் விளிம்புகளில் நீலப்பூச்சு தேய்ந்து எஃகு வெள்ளிபோல் மின்னியது. முந்தைய உரிமையாளரும் அதை உறையிலேயே வைத்திருந்ததற்கு அதுவே சான்று.

குழல் நுனியிலுள்ள முன்குறியின் மேலிருந்த சிறு மூடி, உருவும்போது உறையின் உட்தோலில் மாட்டியதால் அதைக் கழற்றி வைத்துவிட்டேன். இந்தப் பழைய வடிவத்தில் சுத்தியலை அரைநிலையில் நிறுத்துவது தவிர வேறு பாதுகாப்புப் பூட்டு இல்லை. ஆகவே குதிரையில் இருக்கும் வரை மேகசினில் தோட்டா, குழலின் சுடும் அறையில் ஒன்றுமில்லை என்பதே என் கட்டாய விதி. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால், வீடு வந்ததும் துப்பாக்கியை உருவித் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசித் தனியே வைக்கிறேன்.

குதிரையைப் பழக்குவது இன்னும் முடியவில்லை. பக்கப்பார்வை மிக அகன்ற விலங்கு என்பதால், கண்ணோரத்தில் கட்டை எழும்புவதே அதற்கு முதல் அச்சம். வெறும் துப்பாக்கியை உருவுவதும் லீவரைத் தட்டுவதும் இப்போது அதற்குப் பழகிவிட்டன. வெடிச்சத்தத்தைத் தொலைவிலிருந்து, அது தீவனம் தின்னும் வேளையில் கேட்கவைத்து, தூரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறோம். சேணத்தில் அமர்ந்து சுடும் எண்ணம் எனக்கில்லை. இறங்கி, குதிரையை விட்டு விலகி நின்றுதான் சுடுவேன். அடுத்து, ரிசீவரின் பின்புறத்தில் துளை வழியே குறிபார்க்கும் துளைக்குறி ஒன்றைப் பொருத்தி 100 மீட்டரில் சுட்டுப் பார்க்க வேண்டும். அது உறையின் வாயில் இடித்தால், அந்த இடத்தில் தோலைச் சற்றே வெட்டி மடித்துத் தைக்கவும் ஊரிலுள்ள சேணத் தொழிலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார்.